பதினேழாவது பள்ளம்

வண்டி வந்த அன்று ரிப்பன் வெட்டிப் படம் எடுத்தார்கள்.
மோட்டார் சைக்கிள், அதன் பின்னால்
தகரக் கூரை போட்ட இரண்டு சக்கரப் படுக்கை.
கர்ப்பிணிகளுக்காம்.
எங்கள் ஊரிலிருந்து ஆஸ்பத்திரி இருபத்தாறு கிலோமீட்டர்;
ஷிரே ஆறு பெருகினால் முப்பத்தொன்பது.

நான் வைசன். பஞ்சர் ஒட்டுகிறவன்,
சோளம் அரைக்கும் எந்திரத்துக்கு பெல்ட் மாற்றுகிறவன்.
பிரசவம் பற்றி எனக்கு என்ன தெரியும்?
என் மூன்று பிள்ளைகள் பிறந்தபோதும்
கதவுக்கு வெளியே நின்று
ஏதோ ஒரு நட்டைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தேன்.

முதலில் ஏறியவள் ஃபலேசி. தலைச்சன்.
பாதி வழியில் நிறுத்தச் சொல்லி
இறங்கி நடந்தாள்.
கட்டிலில் குதிக்கிற வலிக்கு
நடக்கிற வலி தேவலை என்றாளாம்.
பதினேழாவது பள்ளத்தருகே
பொந்தன்புளி மரத்தடியில் பிறந்தது பிள்ளை.
அழவில்லை.

அதற்குப் பிறகு யாரும் ஏறவில்லை.
அந்தப் படுக்கையில் அடைகாத்துக் குஞ்சு பொரித்தது
ஒரு கோழி மட்டும்.

மருத்துவச்சி எனெலேசி வந்தாள்,
நர்ஸ் உடுப்பில் முழங்கால்வரை சேறு.
"சரி பண்ணு."
"எஞ்சின் நன்றாகத்தானே ஓடுகிறது?"
"படு" என்றாள்.

படுத்தேன்.
வயிற்றின்மேல் மக்காச்சோள மூட்டை, பன்னிரண்டு கிலோ,
பழைய டியூபால் இறுக்கிக் கட்டினாள்.
மச்சான் லாமெக் ஓட்டினான். ஊரே சிரித்தது.
முதல் பள்ளத்தில் நானும் சிரித்தேன்.
நான்காவதில் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.
ஒன்பதாவதில் பிடிக்கக் கம்பி தேடியது கை; கம்பி இல்லை.
புரண்டு படுக்க அகலம் இல்லை.
கூட ஒருத்தி வந்தால் உட்கார இடம் இல்லை.
பதினேழாவதில்
லாமெக்கின் தாயைத் திட்டினேன்,
அதாவது என் மாமியாரை.
எனக்குப் பனிக்குடம் உடையவில்லை.
இடுப்பு நோகவில்லை.
சும்மா ஒரு மூட்டை.

சாலையோரம் கவிழ்ந்து கிடந்த மினிபஸ்ஸின்
ஸ்பிரிங் பட்டைகளைக் கழற்றி வந்தேன்.
டயரில் காற்றைக் குறைத்தேன்.
இடப்பக்கம் சாய்ந்து படுக்க அகலம் கூட்டினேன்.
கைக்கு எட்டுகிற உயரத்தில் ஒரு கம்பி,
அதன்மேல் சைக்கிள் கைப்பிடி உறை.
எந்த உயரம் என்று பெண்களைக் கேட்டேன்;
கேட்காமல் வைத்த திரைச்சீலையை
அவர்கள் சொல்லிப் பிறகு பிரித்தேன்,
உள்ளே மூச்சு முட்டுகிறதாம்.

எல்லாம் முடிந்த வாரம்
நடு ராத்திரி ஒருத்திக்கு வலி. வண்டி தயார்.
பெட்ரோல் பூட்டிய அறையில்.
சாவி குமாஸ்தாவிடம்.
குமாஸ்தா அக்கரையில், கல்யாண வீட்டில்.
இதற்கு நான் எந்த ஸ்பிரிங்கை மாட்டுவது?
பூட்டை அறுத்தேன்.
மறுநாள் கூடிப் பேசி பூட்டுக்கு விலை கேட்டார்கள்.
கொடுத்தேன்.
புதுப் பூட்டின் சாவி இப்போது
எனெலேசியின் கழுத்துக் கயிற்றில்.

மழைக்காலத்தில் ஃபலேசிக்கு மறுபடி மாதம் நிறைந்தது.
ஏறமாட்டாள் என்றிருந்தேன்.
வந்தாள்.
கம்பியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தாள்,
சந்தையில் ஆட்டின் பல்லைப் பார்ப்பதுபோல.
என்னையும் அப்படியே பார்த்தாள்.
ஏறினாள்.

பட்டறை வாசலில் நின்று கேட்டேன்.
கியர் இறங்கினால் பள்ளம்.
ஒன்று, இரண்டு என்று எண்ணினேன்.
ஏழுக்கு மேல் சத்தம் எட்டவில்லை,
மீதியை மனசுக்குள் ஓட்டினேன்.
பதினேழு.
பதினெட்டு என்று சொல்ல
வெகுநேரம் வாய் வரவில்லை.

விடிந்து திரும்பியது வண்டி, காலியாக.
"பெண்" என்றான் லாமெக்.
"அழுதாளா?"
"காதைப் பார், இன்னும் அடைத்துக் கிடக்கிறது."
வலது ஸ்பிரிங்கில் ஒரு போல்ட் தளர்ந்திருந்தது.
முறுக்கினேன்.
பிறகு மண்வெட்டியோடு பொந்தன்புளிவரை நடந்து
அந்தப் பள்ளத்தைக் கல்லும் மண்ணுமாய் நிரப்பினேன்.

சாயங்காலம் மழை.
இன்று போய்ப் பார்த்தேன்:
பாதி மண் மிச்சம்.